கைலி, தனாகா, மொஹிங்கா: பர்மா பயணக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'பர்மாவில் எதையெல்லாம் பார்க்கலாம்?' என்ற ஒரே கேள்விதான். பகோடாக்களின் (புத்தக் கோயில்களின்) பட்டியல் எங்கும் கிடைக்கும். உடுத்துவது, தின்பது, உட்காருவது, கும்பிடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

நம்ம ஊர்க் கைலியையே கொண்டுபோனால் போதாதா? (ஈரோடு வாசகர்)

போதும், ஆனால் பூப்போட்ட கைலி ஆண்களுக்கு வேண்டாம். பூவும் அலை நெளிவும் அங்கே பெண்கள் உடுத்தும் தமெய்னுக்கு உரியவை. ஆண்களின் பஸோ கட்டமோ கோடோதான். இன்னொன்று, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டாதீர்கள். வயலில் இறங்குகிறவரும் சின்லோன் பந்து உதைக்கிறவரும் தூக்கிச் செருகிக்கொள்வார்கள். பகோடாவில் கணுக்கால் வரை தொங்க வேண்டும்.

கட்டும் விதம்: தைத்த துணிக்குள் நின்று இரண்டு பக்கமும் சமமாக விரித்துப் பிடியுங்கள். இரு மடிப்பையும் தொப்புளுக்கு நேரே கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கி, நுனியை உள்ளே செருகுங்கள். பெண்களுக்கு முன்முடிச்சு கிடையாது. துணி முழுவதையும் ஒரு பக்கம் இழுத்து, மிச்சத்தை மடித்து இடுப்போரம் செருகுவார்கள். மேல் விளிம்பில் கறுப்புப் பருத்திப் பட்டை தைத்திருப்பது அதற்காகத்தான். பட்டு வழுக்கும், பட்டை பிடித்துக்கொள்ளும்.

மண்டலே பக்கத்திலுள்ள அமரபுராவின் அலை நெளிவுப் பட்டுக்கு லுன்தயா என்று பெயர். நூறு ஓடம் என்று பொருள். நூறுக்கும் மேற்பட்ட சின்ன ஓடங்களைக் கையால் மாற்றி மாற்றி நெய்வது. அதை மலிவு விலைக்கு ஒருவர் நீட்டினால், அது அச்சடித்த துணி.

பகோடாவுக்குள் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா? எனக்குக் கால் எரிச்சல். (வேலூர்)

கூடாது. செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் வெளியே. கால் எரியும் என்றால் காலை 8 மணிக்குள்ளோ மாலை 4 மணிக்குப் பிறகோ போங்கள். ரங்கூனின் பெரிய பகோடாவான ஷ்வேடகோனின் மேல்தளம் முழுக்கச் சலவைக்கல், நண்பகலில் தோசைக்கல்.

தனாகா பவுடர் டப்பா வாங்கினேன், முகத்தில் ஒட்டவே இல்லை. ஏன்? (நாகர்கோவில்)

டப்பா வாங்கியதால். பெரும்பாலும் அது வாசனை சேர்த்த பூச்சுத்தூள். தனாகா என்பது பர்மியர் அரைத்து முகத்தில் பூசும் மரப்பட்டை. கட்டையாக வாங்குங்கள், கூடவே ச்யௌக்பியின் என்ற வட்டக்கல்லையும். நம் சந்தனக்கல்லுக்குச் சொந்தக்காரன்தான். ஓரத்தில் நீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். கல்லில் அரை ஸ்பூன் தண்ணீர் விட்டு, கட்டையைப் பட்டைப்பக்கம் கீழே வைத்து வட்டமாகத் தேயுங்கள். மோர் பதத்தில் குழம்பு வந்தால் சரி. தண்ணீர் அதிகமானால் காய்ந்ததும் தெரியாது. குறைந்தால் வெடித்து உதிரும். முதலில் மெல்லிய பூச்சு, அது காய்ந்த பின் கன்னத்தில் கெட்டியாக ஒரு வட்டம். முழங்கையில் தடவி ஒருநாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

நான் புதன்கிழமை பிறந்தேன். ஷ்வேடகோனில் எந்த மூலையில் நீர் ஊற்ற வேண்டும்? (தஞ்சாவூர்)

காலையா பிற்பகலா என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன செய்வது? பிறந்த கிழமைக்குரிய திசையில் இருக்கும் புத்தருக்கு நீர் ஊற்றுவார்கள்; பர்மியருக்கு வாரம் எட்டு நாள். புதனை இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். காலையில் பிறந்தவருக்குத் தெற்கு, தந்தமுள்ள யானை. பிற்பகலில் பிறந்தவருக்கு வடமேற்கு, தந்தமில்லாத யானை, அதிபதி ராகு. மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு வடகிழக்கு, திங்கள் கிழக்கு, செவ்வாய் தென்கிழக்கு, வியாழன் மேற்கு, வெள்ளி வடக்கு, சனி தென்மேற்கு. வயதோடு ஒன்று கூட்டி அத்தனை கிண்ணம் ஊற்றுவது வழக்கம். வலமாகச் சுற்றுங்கள். சாக்ஸ்? மேலே சொன்னதுதான்.

பர்மா பஜாரில் அத்தோ சாப்பிட்டுப் பழகியவன். ரங்கூனில் நல்ல அத்தோ எங்கே கிடைக்கும்? (சென்னை)

ரங்கூனில் போய் 'அத்தோ கொடு' என்றால் 'எந்த அத்தோ?' என்பார்கள். கையால் பிசைந்தது எல்லாம் அங்கே அத்தோதான். நூடுல்ஸ் பிசைந்தால் கௌஸ்வே தோ, இஞ்சி பிசைந்தால் ஜின் தோ, ஊறவைத்த தேயிலை பிசைந்தால் லாப்பே தோ. 1960களில் திரும்பி வந்த நம் மக்கள் கொண்டுவந்த கௌஸ்வே தோவுக்குத்தான் சென்னையில் பொதுப்பெயரே தனிப்பெயராக நின்றுவிட்டது.

காலையில் மொஹிங்கா சாப்பிடுங்கள். எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் போட்டு வேகவைத்த கெளுத்தியின் சதையை உதிர்த்து வதக்கி, வறுத்த அரிசிமாவும் கடலைமாவும் கரைத்துக் கெட்டியாக்கி, வாழைத்தண்டு வில்லைகள் போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பு. மெல்லிய அரிசிச் சேவை மேல் ஊற்றி, அவித்த முட்டை, பொரித்த பருப்பு வடைத்துண்டு, கொத்தமல்லி, எலுமிச்சை. பத்து மணிக்கு மேல் நல்ல கடையில் அண்டா காலி. சைவர்கள் 'தெத் தத் லுத்' என்று சொல்லுங்கள்; உயிர்க்கொலை இல்லாதது என்று பொருள். அதோடு காய்ந்த இறால் தூளும் மீன் சாறும் வேண்டாமென்று தனியாகச் சொல்லவேண்டும். காய்கறித் தட்டு என்று வருவதில்கூட அவை இருக்கும்.

டீக்கடையில் எப்படிக் கேட்பது? (சிவகாசி)

சாதாரணம் என்றால் போன்மன், இனிப்பும் பாலும் தூக்கலாக என்றால் ச்சோ ஸெய்ன், கடுப்பமாக என்றால் ச்யா ஸெய்ன். மேசையிலுள்ள பிளாஸ்கில் வெறும் பச்சைத் தேநீர், காசு கிடையாது. உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போட்டுப் பையனைக் கூப்பிடுவார்கள். அங்கே அது மரியாதைக் குறைவில்லை.

அமரபுரா மடத்தில் ஆயிரம் பிக்குகள் வரிசையில் நிற்பதைப் படம் எடுக்க எந்த லென்ஸ், எங்கே நிற்கலாம்? (கோவை)

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. மகாகந்தாயோன் மடத்தில் முற்பகல் பத்தேகால் வாக்கில் பிக்குகள் திருவோடு ஏந்தி வரிசையாக வருவது அவர்களுடைய அன்றைய கடைசி உணவுக்கு. நண்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும்வரை கெட்டியான உணவு கிடையாது. அந்த நேரத்தில் பாதையை மறித்துக்கொண்டு, எட்டு வயதுச் சாமணேரரின் (இளந்துறவியின்) முகத்துக்கு ஒரு முழம் தள்ளி கேமராவை நீட்டுகிறார்கள். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் வெளியூர்க்காரன் வந்து ஃபிளாஷ் அடித்தால் விட்டுவிடுவோமா? லென்ஸ் பற்றிப் பதில் இல்லை.

பார்ப்பதைவிடப் படைக்கலாம். மட அலுவலகத்தில் முன்கூட்டியே பேசினால் ஒருவேளை உணவுக்கு நன்கொடை ஏற்பார்கள். படைக்கும்போது செருப்பைக் கழற்றுங்கள் (சாக்ஸும்). இரு கையாலும் கொடுங்கள். பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது; கைமாற்றாமல் தட்டில் வைத்துவிடுவது நல்லது. உட்கார்ந்தால் பிக்குவின் இருக்கையைவிடத் தாழ்வாக, பாதம் அவர் பக்கமோ புத்தர் பக்கமோ நீளாமல், பின்னால் மடக்கி. சாமணேரச் சிறுவர்களிடம் மிட்டாயோ ரூபாய்த்தாளோ திணிக்காதீர்கள். நாளைக்கு அவர்கள் வரிசையை விட்டுக் கேமராவைத் தேட அதுவே போதும். படம் கட்டாயம் வேண்டுமென்றால் மதிலோரம் நின்று, ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு எடுத்துவிட்டுக் கேமராவைப் பைக்குள் போடுங்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கம் மண்டலே, சகாய்ங் பக்கத்தைக் கடுமையாக அடித்திருக்கிறது; போகுமுன் அங்கேயே விசாரியுங்கள்.

திஞ்ஜானுக்குப் போகலாமா? (திருச்சி)

திஞ்ஜான் பர்மியரின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. நம் சித்திரைப் பிறப்பின் அதே சங்கராந்திதான். பெயரும் அதிலிருந்து வந்தது. ஏப்ரல் நடுவில் பல நாள் கடை, வங்கி மூடிக்கிடக்கும். பணத்தை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். பிக்குகள் மீது தண்ணீர் அடிக்காதீர்கள். உள்ளே வெல்லம் வைத்த அரிசிமா உருண்டை கொடுப்பார்கள். சிலதில் வேண்டுமென்றே மிளகாய் இருக்கும்.

மகாமுனி புத்தருக்கு என் மனைவி தங்க இலை ஒட்டலாமா? (மதுரை)

முடியாது. மண்டலேயிலுள்ள அந்தச் சிலையருகே ஆண்களுக்கு மட்டும் அனுமதி. தங்க இலை ஒட்டிய பாறைமேல் பகோடா நிற்கும் தங்கப்பாறையிலும் அப்படித்தான்.

டிசம்பரில் மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே வழியாக ரோட்டில் போய், எல்லா ஊரும் பார்த்து, பத்து நாளில் திரும்பலாமா? எவ்வளவு ஆகும்? (சேலம்)

பருவம் சரி, நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையில்லை, வெயிலும் தாங்கும். மற்றதெல்லாம் தவறு. 2021 பிப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு நாட்டின் பெரும்பகுதி போர்க்களம். மோரே தாண்டினால் சண்டை நடக்கும் சகாய்ங் பகுதி. அந்த வழியை மறந்துவிடுங்கள். நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் படித்த பிறகு டிக்கெட் போடுங்கள், அதற்கு முன்னால் அல்ல. செலவு கேட்கிறவர் எத்தனை பேர், எந்த ஊர் என்று எழுதவேண்டாமா? டாலர் மட்டும் மடிப்பு, கறை, பேனாக்கோடு எதுவும் விழாத தாளாக, புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். நடுவில் ஒரு மடிப்பு விழுந்தாலும் பணம் மாற்றுகிறவர் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்.