பொண்ணு கிரிக்கெட் ஆடணும்னு நிக்கிறா, படிப்பு என்ன ஆகும்னு கேட்ட அம்மாவுக்கு

மேடம், பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, இந்தியா டீம்ல ஆடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, படிப்பு போயிடுமோன்னு பயமா இருக்குன்னு எழுதிருந்தீங்க. பயம் நியாயமானதுதான். 2025 நவம்பர்ல நவி மும்பைல ஹர்மன்பிரீத் தலைமையில நம்ம இந்தியப் பெண்கள் டீம் உலகக் கோப்பைய தூக்குனதுல இருந்து இதக் கேட்டு வர்ற பேரன்ட்ஸ் ஜாஸ்தியாயிட்டாங்க. எல்லார்கிட்டயும் ஒண்ணுதான் சொல்றேன், இந்தியா ஜெர்சிய வச்சு கணக்குப் போடாதீங்க, அதுக்குக் கீழ இருக்குற படிய வச்சுப் போடுங்க.

மேல நல்ல காசு இருக்கு, இல்லேங்கல. 2022லயே இன்டர்நேஷனல் மேட்ச் ஃபீஸ ஆண்களுக்கு சமமா ஆக்கிட்டாங்க, டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒன்டேக்கு 6, டி20க்கு 3. நம்ம மதுரைப் பொண்ணு கமலினிய 16 வயசுல மும்பை இந்தியன்ஸ் 1.6 கோடிக்கு ஏலத்துல எடுத்தாங்க. ஆனா அந்த ஏலம் நடக்குற டபிள்யூபிஎல்ல, அதாவது பெண்களுக்கான ஐபிஎல்ல, 5 டீம், டீமுக்கு அதிகபட்சம் 18 பேர், அதுல 6 பேர் வெளிநாட்டுக்காரங்கன்னா நம்ம நாட்டுப் பொண்ணுங்களுக்கு மிஞ்சுறது 60 இடம்.

சரி, கீழ என்ன இருக்கு? ஸ்டேட் டீம் இருக்கு. சீனியர் டீம்ல ஆடுனா மேட்ச் நாளுக்கு இவ்வளவுன்னு ஃபீஸ், 2021ல அத 20,000 ஆக்குனாங்க, அதுக்கப்புறமும் ஏறிருக்கு. அதவிட முக்கியம் ஆட்டக்காரங்களுக்கு ரயில்வே குடுக்குற வேலை. இந்தியா டீமோட முன்னாள் கேப்டன் மிதாலி ராஜ் தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு, வளந்தது செகந்திராபாத், 1999ல முதல் ஒன்டேலயே அயர்லாந்துக்கு எதிரா 114 நாட் அவுட், அப்போ வயசு 16தான். அந்தக் காலத்துல பெண்கள் கிரிக்கெட் இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ கைலயே இல்ல, 2006லதான் வந்துச்சு, ஆட்டத்துல காசுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, மாசச் சம்பளம்னு அவங்க கைல வந்தது ரயில்வே வேலைலதான். இன்னைக்கும் நல்லா ஆடுற பொண்ணுங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை பெரிய பிடிமானம், ஆனா எந்த போஸ்ட்டுன்னு முடிவு பண்றதுல பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி எல்லாம் வரும். அதனால ஸ்கூல நிறுத்திட்டு முழுநேரம் ஆட விடலாமான்னா, வேண்டவே வேண்டாம். காலேஜ் அட்மிஷன்லயும் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு, படிப்பும் ஆட்டமும் சண்டை போடணும்னு அவசியமே இல்ல.

அகாடமி விஷயத்துலதான் நீங்க கொஞ்சம் கண்டிப்பா இருக்கணும். ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் முழுக்க நெட்ஸ் ஓரமா உக்காந்து பாருங்க. பசங்க பேட்டிங் ஆடும்போது பொண்ணுங்கள பந்து பொறுக்க மட்டும் விடுறாங்களா, இல்ல அவளுக்கும் பேட் கட்டி அரை மணி நேரம் குடுக்குறாங்களான்னு கவனிங்க. பெண்கள் ஆடுற பந்து ஆண்கள் பந்தவிட எடை கம்மி, 140ல இருந்து 151 கிராம்தான், அந்தப் பந்து அங்க இருக்கான்னு கேளுங்க, கேட்டா முழிக்கிற இடமும் இருக்கு. கிரவுண்ட்ல பொண்ணுங்களுக்கு டாய்லெட் இருக்கான்னு போய்ப் பாத்துருங்க, இது இல்லாததால தண்ணியே குடிக்காம பிராக்டிஸ் பண்ற பிள்ளைங்க இருக்காங்க, எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்குற விஷயம் இது.

அப்புறம் பேப்பர். பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஸ்கூல் ரெக்கார்டு மூணுலயும் பேரும் தேதியும் ஒண்ணா இருக்கணும். அண்டர் 15 லெவல்ல எலும்பு வயசு டெஸ்ட்டும் எடுப்பாங்க, அதனால வயச குறைச்சுக் காட்டலாம்னு யாராவது ஐடியா குடுத்தா அந்த ஆள் பக்கமே போகாதீங்க.

பிளஸ் டூ முடியுற வரைக்கும் ரெண்டையும் சேத்தே ஓட்டுங்க. அதுக்குள்ள மாவட்ட டீம்ல நெலையா ஆடி ஸ்டேட் செலக்ஷன் வரைக்கும் போயிட்டான்னா அப்போ கிரிக்கெட்டுக்கு நேரத்த கூட்டலாம், இல்லேன்னா அம்பயரிங், ஸ்கோரிங், பிசியோ, கோச்சிங்னு இதே கிரவுண்ட்லயே வேற வேலைங்க இருக்கு, அத அப்போ உக்காந்து பேசுவோம். இப்போதைக்கு மாவட்ட கிரிக்கெட் சங்கத்துல பொண்ணுங்க ட்ரையல்ஸ் எப்போன்னு கேட்டு வைங்க, போகும்போது அவளையும் கூட்டிட்டுப் போங்க, கேள்விய அவளே கேக்கட்டும்.