அண்ணனின் குறிப்பேடு

கேள்வி: ஐயா, தச்சு வேலை பார்த்த என் அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார். வருகிற நினைவு நாளில் நான்தான் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் 'நல்லவர், உழைப்பாளி' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. அவர் சட்டைப்பையில் வைத்திருந்த குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. அதில் '30-40-50' என்று பல பக்கங்களில் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் 'நடுப்பலகைக்குப் பசை கூடாது'. இன்னொன்றில் 'மேசை, சன்னல் பக்கத்துக் கால் 4 மி.மீ. கூட'. இதெல்லாம் என்ன? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அம்மா, எனக்குத் தொழில் சொல்லித் தந்ததும் என் அண்ணன்தான். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் பேச வேண்டியது அந்தக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.

30-40-50 என்பது மூலை பார்க்கிற கணக்கு. சட்டத்தின் மூலையிலிருந்து ஒரு பக்கம் 30 செ.மீ., மறுபக்கம் 40 செ.மீ. அளந்து புள்ளி வைப்போம். இரண்டு புள்ளிக்கும் இடையே சரியாக 50 வந்தால் மூலை 90 டிகிரி. குறைந்தால் மூலை ஒடுங்கியிருக்கிறது, கூடினால் விரிந்திருக்கிறது. இது எங்களுக்கு மனப்பாடம், மறந்துவிடும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பல பக்கங்களில் இருப்பதைப் பார்த்தால், ஒவ்வொரு வேலையிலும் மூலை பார்த்து முடித்ததற்கு அடையாளமாக எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நடுப்பலகைக்கு வருகிறேன். கதவில் நான்கு பக்கமும் சட்டம், நடுவில் பலகை. ஈரக்காற்றில் மரம் அகலவாட்டில் உப்பும், வறண்டால் சுருங்கும். நீளவாட்டில் அசைவது மிகக் கொஞ்சம். அதனால் சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, பலகையைப் பசை போடாமல் அதற்குள் விட்டுவிடுவோம். அது தன் பாட்டுக்கு விரிந்து சுருங்கிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் ஒரு நாள் வெடிக்கும்.

என் அண்ணனுக்கே இது ஒருமுறை நடந்தது. அவசர வேலை, பலகை ஆடுகிறது என்று வீட்டுக்காரர் சொல்ல, ஓரத்தில் பசை வைத்துவிட்டார். வெயில் காலம் வந்ததும் பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்தது. யாரும் கூப்பிடவில்லை, அந்தப் பக்கமாகப் போனபோது அவரே பார்த்துவிட்டார். கதவைக் கழற்றிக்கொண்டு வந்து, தன் மரத்தில் புதிதாகச் செய்து மாட்டினார். அன்று இரவு என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மரத்துக்கு மூச்சுவிட இடம் வேணும்டா." அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது இந்தத் தப்பைத்தான். அவர் நேர்மையானவர் என்று வெறுமனே சொன்னால் கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கதவைக் கழற்றித் தூக்கி வந்தார் என்று சொன்னால் அவரைக் கண்ணால் பார்ப்பார்.

அந்த 4 மி.மீ. காலுக்கு வருவோம். மேசைக்கு நான்கு காலும் ஒரே உயரம்தான் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கூட என்றால் அந்த வீட்டில் சன்னலோரம் தரை தாழ்ந்திருக்கிறது. பட்டறையில் செய்து இறக்கிவிட்டு, ஆடினால் அட்டையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் குனிந்து தரையை அளந்திருக்கிறார். அது யார் வீடு என்று விசாரித்துப் போங்கள். மேசை இன்னும் அங்கேயே இருந்தால் ஒருமுறை கை வைத்து அழுத்திப் பாருங்கள். அவர்களிடம், என்ன பேசிக்கொண்டு வேலை செய்தார், எதற்குக் கோபப்பட்டார், கிளம்புமுன் சீவலைக் கூட்டி அள்ளினாரா என்று கேளுங்கள். அவரிடம் வேலை பழகிய பையன் இருந்தால் கட்டாயம் பாருங்கள். தங்கைக்குத் தெரியாத அண்ணன் அவனுக்குத் தெரியும். கேட்டதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 'யாரையும் கடிந்து பேசாதவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மழுங்கிய உளியோடு வந்து நின்றால் கடிந்துகொள்ளாத தச்சரை நான் பார்த்ததில்லை.

கேள்வி: தம்பியின் உளிகளில் துரு ஏறிவிட்டது. கடையில் கொடுத்துப் புதிது போலாக்கி வைக்கலாமா? (இன்னொரு வாசகர்)

பதில்: கடைக்கு வேண்டாம். நீங்களே செய்யுங்கள். இரும்பில் எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் மேல்துரு போய்விடும். துடைத்து, மறுபடி லேசாக எண்ணெய் பூசி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிடியைத் தேய்க்கவே கூடாது. வருடக்கணக்கில் உள்ளங்கை பட்டு வழுவழுப்பாகியிருக்கும், கட்டைவிரல் அழுந்திய இடம் சற்றுக் குழிந்திருக்கும். உப்புத்தாள் பட்டால் அது போய்விடும்.

யாராவது வேலை பழகும் பிள்ளை கேட்டால் ஒரு உளியாவது கொடுங்கள். என் அண்ணனுடைய அரை அங்குல உளி இப்போதும் என் கையில்தான் வேலை செய்கிறது. தீட்டித் தீட்டி நீளம் பாதியாகிவிட்டது. சாணைக்கல்லில் வைக்கும்போது, "அவசரப்படாதே, கோணம் மாறுது" என்று பின்னாலிருந்து அவர் சொல்வது எனக்குக் கேட்கும். கையை நிறுத்தி, மறுபடி சரியாக வைப்பேன்.