ஒரே நேரத்தில் நாலு டிசைன்: பின்னல் வடிவமைப்பு கேள்வி பதில்

கையால் பின்னும் ஸ்வெட்டர், சால்வை, தொப்பி இவற்றுக்குப் பேட்டர்ன், அதாவது பின்னும் செய்முறைக் குறிப்பு, எழுதி விற்பது என் வேலை. ஒரே சமயத்தில் பல டிசைன்களை எப்படிச் சமாளிப்பது என்று பின்னுகிறவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி (குன்னூர்): அக்கா, ஒரு நேரத்தில் எத்தனை டிசைன் வைத்துக்கொள்ளலாம்? எனக்கு மூன்றுக்கே தலை சுற்றுகிறது.

எத்தனை என்று எண்ணுவதை விடுங்கள் மா, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு டிசைன் வெளியே வருவதற்குள் படம் வரைதல், ஸ்வாட்ச் (அளவு பார்க்கும் சின்னத் துண்டு) பின்னுதல், கணக்கு, எழுத்து, சாம்பிள் பின்னுதல், டெக் எடிட்டர் (பேட்டர்னின் எண்களையும் வரிகளையும் திருத்துபவர்) சரிபார்ப்பு, டெஸ்ட் நிட்டிங் (பேட்டர்னைப் பார்த்து மற்றவர்கள் பின்னிச் சோதிப்பது), போட்டோ என்று வரிசையாக வேலை இருக்கிறது. இதில் மூளையை முழுதாகக் கேட்பது இரண்டு இடம்தான். ஒன்று, ஸ்வாட்சிலிருந்து கணக்குப் போடுவது. மற்றது, அந்தக் கணக்கை எல்லா சைஸுக்கும் விரிக்கும் கிரேடிங். மீதியெல்லாம் கை வேலை, இல்லாவிட்டால் அடுத்தவருக்காகக் காத்திருப்பது.

நான் வைத்திருக்கும் விதி இதுதான். தலை வேலையில் ஒன்றே ஒன்று. கை வேலையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எடிட்டரிடமோ டெஸ்டர்களிடமோ தபாலிலோ எத்தனை இருந்தாலும் பரவாயில்லை. உங்களுடைய மூன்றும் சேர்ந்து கணக்குக் கட்டத்தில் நிற்கின்றன என்று தோன்றுகிறது. ஒன்றை மட்டும் கணக்கு முடித்து ஊசியில் ஏற்றுங்கள். மற்ற இரண்டின் ஸ்வாட்சையும் குறிப்போடு கவரில் போட்டு மூடி வையுங்கள். அவை எங்கும் ஓடிவிடாது.

கேள்வி (திருப்பூர்): மேடம், நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கையால் பின்னி சொந்தமாக டிசைன் செய்ய ஆசை. ஆபீஸில் இருபது ஸ்டைல் ஓடுகிறது, வீட்டில் இரண்டு ஓட மாட்டேன் என்கிறது.

தம்பி, எங்களில் பலருக்குத் தெரியாத ஒரு வித்தை உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் டி அண்ட் ஏ, அதாவது எந்த வேலை எந்தத் தேதியில் என்ற கால அட்டவணை, போடுகிறீர்கள் அல்லவா? ஷிப்மென்ட் தேதியை வைத்துக்கொண்டு, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவல் எப்போது, ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கும் மாதிரி) எப்போது, நூல் எப்போது உள்ளே வரவேண்டும் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவீர்கள். அதையே வீட்டிலும் செய்யுங்கள்.

குளிர்நாட்டுக்காரர்களுக்கான ஸ்வெட்டர் பேட்டர்ன் அக்டோபர் தொடக்கத்தில் விற்பனைக்கு வரவேண்டும் என்று வையுங்கள். போட்டோவுக்கும் கடைசித் திருத்தத்துக்கும் இரண்டு வாரம். டெஸ்டர்கள் ஒரு ஸ்வெட்டரை முடிக்க ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுத்தால்தான் நியாயம். டெக் எடிட்டருக்கு இரண்டு வாரம். அதாவது எழுதி முடித்த பேட்டர்ன் ஜூலை முதல் வாரத்தில் உங்கள் கையைவிட்டுப் போயாக வேண்டும். சாம்பிளை மே, ஜூனில் பின்னவேண்டும். ஸ்வாட்ச் போடுவது ஏப்ரல் வெயிலில்!

ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பேட்டர்ன் மாஸ்டர், சாம்பிள் டெய்லர், தரம் பார்க்கும் க்யூசி எல்லோரும் வேறு வேறு ஆட்கள். இங்கே எல்லாம் நீங்கள்தான். அதனால் இரண்டு டிசைனின் கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் கை பட்டே ஆகவேண்டிய நாட்களை மட்டும் சிவப்பில் குறியுங்கள். சிவப்பும் சிவப்பும் ஒரே வாரத்தில் மோதினால் ஒன்றைத் தள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): சாம்பிள் பின்ன எத்தனை நாள் ஆகும் என்று எப்படிச் சொல்வது? நான் சொன்ன தேதி எதுவும் நிற்பதில்லை.

ஸ்டிச்சை எண்ணுங்கள். சுற்றிப் பின்னும் உடம்புப் பகுதி 232 ஸ்டிச், 10 செ.மீ-க்கு 30 சுற்று, கையிடுக்கு வரை 40 செ.மீ நீளம் என்றால் 120 சுற்று. மொத்தம் 27,840 ஸ்டிச். நிமிடத்துக்கு 30 ஸ்டிச் போடுகிறவருக்கு அது மட்டுமே பதினைந்தரை மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எட்டு நாள். இதற்கு மேல் தோள், கழுத்து, இரண்டு கை. கையைச் சின்ன வேலை என்று நினைத்துத்தான் பலரும் தேதியைத் தவறவிடுகிறார்கள். இரண்டு கையும் சேர்ந்தால் உடம்பில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

உங்கள் வேகத்தை அந்த டிசைனின் ஸ்வாட்சிலேயே பத்து நிமிடம் கடிகாரம் வைத்துப் பாருங்கள். நேர்ப் பின்னலில் வரும் வேகம் கேபிளிலும் (ஸ்டிச்சுகளைக் குறுக்கே மாற்றி முறுக்கும் பின்னல்) லேஸிலும் (துளை விழும் பின்னல்) வராது.

கேள்வி (டொரன்டோ): கேபிள் ஸ்வெட்டர் ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டு வேறு டிசைனுக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் எந்த ஊசி, எந்த வரிசை, ஒன்றும் நினைவில்லை. பிரித்துவிடலாமா என்று இருக்கிறது.

பிரிக்காதீர்கள். பல டிசைன் வைத்திருப்பவர்களுக்கு நேரம் போகும் இடம் இதுதான். பின்னுவதைவிட, விட்ட இடத்தைத் தேடுவதில்தான் மாலைப் பொழுதுகள் கரைகின்றன.

ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பை, பைக்குள் ஒரு கெட்டி அட்டை. இப்போது என் பையில் இருக்கும் ஒரு அட்டையை அப்படியே தருகிறேன்: "உடம்பு 3.75 மி.மீ மெட்டல், ரிப் 3.25. நூல் லேபிள் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. சுற்றில் 232 ஸ்டிச். சார்ட் 2, சுற்று 14 முடிந்தது. அடுத்தது 15, அதில் இடது திருப்பு. கையிடுக்குக்கு இன்னும் 9 செ.மீ. முன்பக்கம் பச்சை மார்க்கர்." ரிப் என்பது ஓரத்தில் வரும் இழுபடும் பின்னல், சார்ட் என்பது பின்னலின் கட்டப்படம், மார்க்கர் என்பது அடையாள வளையம். இவ்வளவு இருந்தால் யார் எடுத்தாலும் தொடரலாம்.

மெட்டல் என்று ஏன் எழுதவேண்டும்? அதே 3.75 மூங்கில் ஊசியில் பலருக்குப் பின்னல் இறுகிவிடும். இன்னொன்று, கழற்றி மாட்டும் ஊசி வைத்திருப்பவர்கள் முனையைக் கழற்றி, வயருக்கு மூடி போட்டுவிட்டு, அந்த முனையை அடுத்த வேலைக்கு எடுத்துப்போவோம். நல்ல வசதிதான், ஆனால் வெறும் வயரைப் பார்த்து எந்த சைஸ் ஊசி என்று சொல்ல முடியாது. அட்டையில் இருந்தால்தான் உண்டு.

நிறுத்தும் இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சார்ட்டில் ஒரு ரிப்பீட் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) முடிகிற இடம் உத்தமம். கேபிள் திருப்பும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பூட்டு மார்க்கரைத் துணியிலேயே மாட்டிவிடுங்கள், பிறகு எண்ணுவது சுலபம். அன்றைய கடைசிப் பத்து நிமிடம் பின்னாமல் எழுதுவதற்கு.

சரி, இப்போது உங்கள் ஸ்வெட்டருக்கு வருவோம். முதலில் துணியை மேசையில் பரப்பி கேஜ், அதாவது 10 செ.மீ-க்கு எத்தனை ஸ்டிச், எத்தனை சுற்று என்று அளந்து பாருங்கள். பிறகு, நீங்கள் நினைக்கும் ஊசியில் நாலு சுற்று போட்டு, பழைய பகுதிக்குப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி மாறியிருந்தால் கோடு விழுந்ததுபோல் தெரிந்துவிடும். ஊசி சரியாக இருந்தாலும் இடைவெளிக்குப் பிறகு நம் கை மாறியிருக்கலாம். 10 செ.மீ-க்கு 22 ஸ்டிச் வரவேண்டிய இடத்தில் 21 வந்தால், 232 ஸ்டிச் 105.5 செ.மீ-க்குப் பதிலாக 110.5 செ.மீ ஆகிவிடும். ஒரே ஒரு ஸ்டிச் வித்தியாசம், ஸ்வெட்டரில் 5 செ.மீ.

கேள்வி (சிங்கப்பூர்): இரண்டு ஸ்வெட்டரை ஒரே மாதத்தில் ஒன்பது சைஸுக்கு விரிக்க வேண்டும். எண்கள் எல்லாம் குழம்புகின்றன.

இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யலாம், ஒரே நாளில் வேண்டாம். ஒன்றை முடித்து மூடிவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும்.

ஒரு நல்ல எக்ஸெல் ஷீட்டை ஒருமுறை உட்கார்ந்து செய்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மேலே கேஜுக்கு இரண்டு கட்டம், அதன் கீழே உடல் அளவுகள், அதன் கீழே தளர்வு (உடம்பு அளவைவிட ஆடை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பது). மற்றதெல்லாம் ஃபார்முலா. மார்பு 96 செ.மீ, தளர்வு 10, ஆக 106 செ.மீ. 10 செ.மீ-க்கு 22 ஸ்டிச் என்றால் ஒரு செ.மீ-க்கு 2.2, அதால் பெருக்கினால் 233.2. இரண்டுக்கு இரண்டு ரிப்பைச் சுற்றிப் பின்ன நாலின் மடங்கு வேண்டும், பக்கத்து மடங்குக்கு மாற்றித் தரும் எம்ரவுண்ட் (MROUND) ஃபார்முலா போட்டால் 232 என்று தானே வந்து நிற்கும். அடுத்த டிசைனுக்கு அதே ஷீட்டின் பிரதியை எடுத்து கேஜையும் தளர்வையும் மாற்றினால் போதும். உடல் அளவுகள் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்திலிருந்து வரட்டும். அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் வெளியிட்டிருக்கும் அளவுப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பெண்களின் மார்பளவு 28 அங்குலத்திலிருந்து 62 அங்குலம் வரை இருக்கிறது.

ஃபார்முலாவை மட்டும் நம்பி எழுந்துவிடாதீர்கள். மார்பளவு இரண்டு மடங்கானால் தோள் அகலம் இரண்டு மடங்காவதில்லை. சின்ன சைஸை அப்படியே ஊதிப் பெரிதாக்கிய பேட்டர்னில் தோள் கைமுட்டி பக்கம் சரிந்து விழும். பெரிய சைஸ்காரர்கள் அதே காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள், அவர்களுக்கும் உட்காரும்படி எழுதுவது நம் கடமை.

கேபிள் விஷயத்தில் இன்னொன்று. 24 ஸ்டிச் ரிப்பீட் ஒன்று, அதே கேஜில், கிட்டத்தட்ட 11 செ.மீ. சைஸுக்கு ஒரு ரிப்பீட் கூட்டிக்கொண்டே போனால் 11, 11 ஆகத்தான் தாவும், நடுவில் நிற்க இடமில்லை. நடுக் கேபிளை எல்லா சைஸிலும் ஒன்றாக விட்டுவிட்டு, பக்கவாட்டில் சாதாரணப் பின்னலைக் கூட்டிக் குறையுங்கள். கேபிள் துணியை உள்ளிழுக்கும் என்பதால் அதற்குத் தனி ஸ்வாட்ச் கட்டாயம்.

யோசனை தோன்றிய நிலையில் இருக்கும் டிசைன்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பின்னல் வடிவமைப்பாளர் எலிசபெத் ஸிம்மர்மன் (1910–1999) பரப்பிய சதவீத முறை போதும். உடம்பின் ஸ்டிச் எண்ணிக்கையை நூறாக வைத்தால் மணிக்கட்டு சுமார் 20, மேல்கை சுமார் 33, கழுத்து சுமார் 40. 232-க்கு 46, 77, 93. ஐந்து நிமிடத்தில் உருவம் தெரிந்துவிடும், பிறகு கவருக்குள் போட்டுவிடலாம்.

கேள்வி (சென்னை): மே மாதத்தில் கம்பளி கையில் பிசுபிசுக்கிறது. வேலையே நகரவில்லை.

வெயில் மாதங்களைக் காட்டன் டிசைன்களுக்கும் கணக்கு வேலைக்கும் விடுங்கள். காட்டன் மடியில் கிடந்தாலும் சுடாது. அந்த மாதத்தில் கம்பளிதான் என்றால் தொப்பி, கையுறை போன்ற சின்ன உருப்படிகள். பாதியில் நிற்கும் கம்பளி வேலையை அழுத்தி மூடும் கவரில் வையுங்கள், கம்பளிப் பூச்சிக்குப் பயந்துதான். பாச்சை உருண்டை போட்டால் அந்த வாடை சாம்பிளை விட்டுப் போகாது.

கேள்வி (லண்டன்): பத்திரிகைக்கு டிசைன் ஒப்புக்கொண்டதும் என் சொந்த டிசைன்கள் கிடப்பில் போய்விடுகின்றன அக்கா.

பத்திரிகைத் தேதியை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார், உங்கள் தேதியை யாரும் பிடிக்கவில்லை. அதனால் சொந்த டிசைனுக்கும் ஒரு ஆளைப் பிடியுங்கள். நல்ல டெக் எடிட்டர்களிடம் முன்கூட்டியே நாள் வாங்கவேண்டியிருக்கும். எழுதி முடிக்கும் முன்பே அந்த நாளை வாங்கிவிடுங்கள். ஒருவர் காத்திருக்கிறார் என்றால் நாம் எழுதுவோம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் அந்த டிசைனின் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்று பாருங்கள். திரும்பினால் அதுவும் உங்கள் சொந்தப் பேட்டர்ன் ஆகிவிடும், ஆண்டுத் திட்டத்தில் ஒரு இடத்தை நிரப்பும். வெளியாகும்வரை படம் போடக்கூடாது என்பது வழக்கமான நிபந்தனை, ஆகவே வெளியில் காட்டுவதற்கென்று கையில் ஒரு சொந்த வேலையும் இருப்பது நல்லது.

கேள்வி (யாழ்ப்பாணம்): டெஸ்ட் நிட்டிங் இரண்டை ஒன்றாகத் திறக்கலாமா அக்கா?

திறக்காதீங்கோ. டெஸ்டர்கள் தங்கள் பொழுதைக் கொடுத்துப் பின்னுகிறார்கள், கேள்வி வந்தால் அன்றைக்கே பதில் போகவேண்டும். முதல் டெஸ்டில் எல்லோரும் உடம்பை முடித்த பிறகு அடுத்ததைத் திறந்தால் சமாளிக்கலாம். எடிட்டர் பார்த்து முடித்த பிறகுதான் டெஸ்ட். கோப்பின் பெயரில் தேதி கட்டாயம். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" என்று பெயர் வைத்தால் பழைய எண்ணை வைத்து யாராவது கையைப் பின்னிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி (கோவை): மணிக்கட்டு வலிக்கிறது. இடைவிடாமல் மாற்றி மாற்றிப் பின்னுகிறேன்.

தடித்த நூல் வேலையையும் மெல்லிய நூல் வேலையையும் மாற்றி எடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். வலி தொடர்ந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். எந்தத் தேதிக்கும் கையைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (பெங்களூரு): எந்த டிசைனைக் கைவிடுவது என்று எப்படி முடிவு செய்வது? பிரித்த நூலை மறுபடி உபயோகிக்கலாமா?

பையைத் திறந்ததும் அந்த அட்டையைப் படித்துப் பாருங்கள். அடுத்த வரிசையைப் போட கை துறுதுறுத்தால் அது உயிரோடு இருக்கிறது. வாங்கிய நூலுக்காக மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால் பிரித்துவிடலாம். ஸ்வாட்சையும் குறிப்பையும் மட்டும் எடுத்து வையுங்கள், அந்தக் கேபிள் வேறொரு தொப்பியில் போய் உட்காரும்.

பிரித்த நூலைப் பந்தாகச் சுற்றாதீர்கள். நாற்காலி முதுகில் தளர்வாகச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, குளிர்ந்த நீரில் அரை மணி ஊறவிட்டு, துண்டில் அழுத்திப் பிழிந்து நிழலில் தொங்கவிடுங்கள். நெளிவு போய்விடும். ஒருமுறை பின்னிக் கழுவிய நூல் கொஞ்சம் உப்பிப் பூத்திருக்கும், ஆகவே புது ஸ்வாட்ச் போட்டு, கழுவிக் காயவைத்து, அதன் பிறகு அளந்துகொள்ளுங்கள்.