தத்தெடுத்த பால் பைத்தான் இரண்டு வாரமாக எலியைத் தொடவே இல்லை. என்ன செய்வது?

லண்டனில் இருக்கிறீர்கள், ஒன்றரை வயது ஆண் பாம்பு, மீட்பு மையத்திலிருந்து வந்து இரண்டு வாரம், மூன்று முறை எலி காட்டியும் தலையைத் திருப்பிக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரம்தானே! என்னுடையது ஏழு வாரம் பட்டினி கிடந்தது. இப்போது எலியைக் காட்டினால் இடுக்கியையும் சேர்த்தே கவ்வுகிறது.

அந்த ஏழு வாரத்தில் ஒருநாள் அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "பேர்லயே பால் இருக்கே, ஒரு கிண்ணத்துல வெச்சுப் பாரேன்டா" என்றார். பந்து மாதிரிச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது, நம்ம பால் இல்லை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. (பாம்புக்குப் பால் ஆகாது. தண்ணீர் மட்டும்தான்.) ஆனால் அடுத்து ஒன்று கேட்டார்: "புத்து இல்லாம அது எங்கடா படுத்துக்கும்?"

மூன்று புத்தகம் படித்த எனக்கு உறைக்காதது அது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் இந்தப் பாம்பு பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும்தான் கிடக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுவது அந்த ஊரிலும் அப்படியே. நானோ நாலடிக் கண்ணாடிப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் திறந்த ஒரு மரப்பட்டையை உள்ளே போட்டு, வந்த விருந்தாளிக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நடுத்தெருவில் இலை போட்டுச் சாப்பிடு என்றால் யார்தான் சாப்பிடுவார்கள்?

எனவே முதலில் எலியை மறந்துவிட்டுப் புற்றைச் செய்யுங்கள். கடையில் விற்கும் அழகான குகையெல்லாம் தேவையில்லை. நான் பழைய ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து, ஓரத்தில் பாம்பு நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். சுருண்டு படுத்தால் உடம்பு நாலு பக்கமும் டப்பாவில் உரச வேண்டும். விசாலமாக இருந்தால் அதற்குப் பயம். ஒரே மாதிரி இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இல்லையென்றால் பாதுகாப்பா, சூடா என்று அது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பெட்டியின் மூன்று பக்கக் கண்ணாடியிலும் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். மனைவிக்கும் அதில் சந்தோஷம்.

அடுத்தது சூடு. இங்கேதான் நான் நன்றாக ஏமாந்தேன். கண்ணாடியில் ஒட்டும் வட்டமான வெப்பமானி 30 டிகிரி என்று நம்பிக்கையாகக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பி முனை உள்ள டிஜிட்டல் மானி வாங்கி டப்பாவுக்குள் தரையில் வைத்துப் பார்த்தால் 26! பாம்பு படுக்கும் இடத்தின் சூடுதான் கணக்கு. சூடான பக்கத் தரை 31, 32. குளிர்ந்த பக்கம் 25, 26. ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. உடம்பு சூடாகவில்லையென்றால் அதற்குச் செரிமானம் நடக்காது, அதனால் பசியும் வராது. ஹீட்டர் எதுவானாலும் தெர்மோஸ்டாட் (சூடு அளவு மீறாமல் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் போடாதீர்கள், வயிறு வெந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு வாரம் தொடவே தொடாதீர்கள். தண்ணீர் மாற்றுங்கள், கழிவை எடுங்கள், அவ்வளவுதான். இரண்டு நாளுக்கொரு முறை எலியை மூக்கில் இடித்துக் கெஞ்சுவது பெரிய தப்பு, நானும் செய்தேன். ஒருமுறை மறுத்தால் அடுத்து ஏழு நாளாவது கழித்துத்தான். கண் நீலம் பூத்துச் சட்டை உரிக்கத் தயாராகிறது என்றால் அதுவரை கொடுக்கவே வேண்டாம்.

மீட்பு மையத்துக்கு மறுபடி போன் போட்டு, பழைய வீட்டில் என்ன தின்றது என்று கேளுங்கள். என்னிடம் "நல்லா சாப்பிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது சுண்டெலி தின்று வளர்ந்தது. பெரிய எலி வாசனையே அதற்குச் சாப்பாடாகத் தோன்றவில்லை. பிறகு உறையவைத்த சுண்டெலி ஒன்றையும் பனி உருக்கி, அதை எலியின் முகத்தில் நன்றாகத் தேய்த்துக் கொடுத்தேன். அருவருப்பாகத்தான் இருக்கும். உயிருள்ள எலியைப் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

எப்போது பயப்பட வேண்டும்? வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். (தனித் தராசு, தனிப் பாத்திரம். சால்மொனெல்லா கிருமி உண்டு, சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.) என்னுடையது 620 கிராமில் வந்து 588 வரை இறங்கியது, நான் கலங்கவில்லை. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயில் நுரை, மூச்சில் விசில் சத்தம், செதில்களுக்கிடையே உண்ணி தெரிந்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். வாயைத் திறந்து நீங்களே திணிக்கும் வேலை மட்டும் வேண்டாம். தின்றபின் 48 மணி நேரம் கையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் கக்கிவிடும். வளர்ந்த ஆண் பாம்புகள் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் விரதம் இருப்பது சகஜம்.

எட்டாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன், அப்படியே செய்து பாருங்கள். முந்தைய இரவே உறைந்த 40 கிராம் எலியைப் பையோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வைத்து உருக்கினேன். மைக்ரோவேவ் கூடாது, உள்ளே வெந்து வெடிக்கும். இரவு பத்தரைக்கு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம். துடைத்து, ஹேர் டிரையரால் தலைப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் சூடு. இந்தப் பாம்பின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும், சூட்டைப் பார்க்கிற கண் மாதிரி. ஆறிப்போன எலி அதற்கு எலியே இல்லை. விளக்கை அணைத்து, நீள இடுக்கியால் முதுகைப் பிடித்து, டப்பா வாசலுக்கு ஒரு சாண் தள்ளி எலியை லேசாக அசைத்தேன். ஒரு நாக்கு வெளியே வந்தது. மறுபடி வந்து, இந்த முறை உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் நின்றது. கழுத்து மெல்லப் பின்னால் மடிந்தது. அடித்ததை நான் பார்க்கவில்லை, இடுக்கி கையை விட்டுப் போனதுதான் தெரியும்.

எலியை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் கிடந்தது. பிறகு தலையிலிருந்து ஆரம்பித்தது. வால் நுனி மறைந்ததும் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுத் தாடையைச் சரிசெய்துகொண்டு, பின்வாங்கியபடியே டப்பாவுக்குள் போய்விட்டது. அம்மாவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். ஊரில் அப்போது விடிகாலை ஐந்து மணி, வைத்துவிட்டேன்.