கை பிளானர்: கேட்டதும் சொன்னதும்

மார்த்தாண்டம் பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கை பிளானர், அதாவது கையில் பிடித்து மரம் சீவும் கரண்ட் மெஷின் பற்றிப் பல பேர் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவரின் ஊர்ப்பெயர் முன்னால் இருக்கிறது.

களியக்காவிளை: அண்ணே, வீட்டு வேலைக்கு ஒரு பிளானர் வாங்கணும். எதைப் பார்த்து வாங்க?

அகலம் 82 மி.மீ. போதும். கடையில் இருப்பதில் பெரும்பாலும் அதுதான், பிளேடும் சுலபமாகக் கிடைக்கும். 500 முதல் 700 வாட் மோட்டார் தாராளம். ஒரே ஓட்டில் 3 மி.மீ. சீவும் என்று சொன்னால் மயங்காதீர்கள். மகிட்டா 1900பி என்ற பிளானர் ஒரு தடவைக்கு 1 மி.மீ.தான் எடுக்கும், நல்ல வேலைக்கு அதுவே அதிகம். வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தகடு இரண்டு துண்டாக இருக்கும். சீவும் ஆழத்தை மாற்றும் அளவுக் குமிழைப் பூஜ்ஜியத்தில் வைத்து, இரும்பு ஸ்கேலை இரண்டின் மேலும் படுக்கப் போடுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் வேறு கேளுங்கள்.

அருமனை: மழைக்குக் கதவு உப்பி நிலையில் பிடிக்கிறது. சீவிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஈரத்தில் உப்பிய மரத்தை அதே கையோடு சீவினால், மாசி பங்குனியில் அந்த இடுக்கு வழியாகப் பல்லி நடந்து போகும். உரசும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அதை மட்டும் அரை மி.மீ. எடுங்கள். சீவிய இடத்துக்கு மரம் காய்ந்ததும் பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி ஈரம் குடிக்கும். கதவின் மேல், கீழ் விளிம்பைச் சீவும்போது மூலையிலிருந்து நடுவுக்கு வாருங்கள். நடுவிலிருந்து மூலைக்குப் போனால் சிம்பு பெயர்ந்துவிடும்.

குழித்துறை: பலகையின் கடைசியில் குழி விழுகிறதே, ஏன்?

பாதி கோளாறு கையில் இருக்கும். தொடங்கும்போது எடை முன்கைப்பிடியில் இருக்கட்டும், பலகை முடியும்போது பின்கைக்கு மாறட்டும். முன்தகடு பலகையைத் தாண்டியதும் பிளானர் மூக்குக் குத்தும், அந்த நொடியில் விழுவதுதான் குழி.

மீதி கோளாறு பிளேடில். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நேரான சிறு மரத்துண்டைப் பின்தகட்டில் வைத்து, பிளேடு பொருத்திய உருளையைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிளேடின் முனை மரத்தை உரச வேண்டும், தூக்கக் கூடாது. தூக்கினால் பிளேடு வெளியே நிற்கிறது, அதுவும் கடைசியில் குழி போடும். பிளேடின் இரு ஓரத்திலும் இப்படிப் பாருங்கள்.

பாறசாலை: அயனிப் பலகை பிய்ந்து பிய்ந்து வருகிறது.

நீங்கள் ஆஞ்ஞிலி என்பதுதானே? அதில் சில பலகையில் நார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டிருக்கும். எந்தத் திசையில் ஓட்டினாலும் எங்கேயாவது எதிர்நார்தான். அளவைக் கால் மி.மீ.க்குக் குறைத்து, மெதுவாகத் தள்ளுங்கள். கடைசிச் சீவலை பிளானரிடம் விடாதீர்கள். உங்கள் ஊரில் சிந்தேர், எங்களுக்கு இழைப்புளி, கையால் தள்ளும் அதைத் தீட்டி, அதில் சீவுங்கள். மெஷின் விட்டுப்போன அலைவரி அதில்தான் போகும். இதை நான் எந்த மரத்துக்கும் சொல்வேன்.

கொல்லங்கோடு: பிளேடு சீக்கிரம் மழுங்குகிறது.

தேக்கா? அதில் சிலிக்கா உண்டு, முனையைத் தின்றுவிடும். கார்பைடு பிளேடு போடுங்கள். இருபக்கமும் முனை இருக்கும், ஒன்று போனால் திருப்பிப் போடலாம். இரண்டு பிளேடையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் உருளை அதிரும். பழைய வீட்டு உத்தரம் என்றால் முதலில் ஆணி தேடுங்கள். ஒருமுறை தலை ஒடிந்த ஆணி ஒன்றைக் கவனிக்காமல் ஓட்டி, பெல்ட்டும் புது பிளேடும் ஒரே நொடியில் போயின.

களியக்காவிளை (மறுபடி): கையை வெட்டுமா அண்ணே?

வெட்டும். சுவிட்சை விட்ட பிறகும் உருளை சில நொடி சுற்றும், நின்ற பிறகே கீழே வையுங்கள். சீவல் அடைத்துக்கொண்டால் விரலை விடாமல், பிளக்கைப் பிடுங்கிக் குச்சியால் எடுங்கள். ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். சின்னத் துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சீவவே கூடாது, மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள்.