வாசகர் கேட்டவை: மேளம் கேட்கிறது, படம் எங்கே?

கே: மொரீஷியஸின் குவாத்ர் போர்னில் தைப்பூசக் காவடியை ஃபோனில் 4கே-யில் எடுத்தோம். மூன்று மணி நேரம், 30 ஜிபி. பென்டிரைவில் போட்டு மாமியார் வீட்டு டிவியில் செருகினால் மேளம் மட்டும் கேட்கிறது. ஃபைல் கெட்டுவிட்டதா? – வாசகி, ரோஸ் ஹில்

ப: கெடவில்லை. எம்பி4 என்பது பெட்டியின் பெயர்தான். உள்ளே படம் எந்தக் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) இருக்கிறது என்று பாருங்கள். 4கே-யைப் பல ஃபோன்கள் எச்.265-இல் பதிகின்றன. அது 2013-இல் வந்தது, எச்இவிசி என்பதும் இதுதான். பழைய டிவிகள் பலவற்றுக்கு 2003-இல் வந்த எச்.264 வரைதான் தெரியும். ஒலி மட்டும் டிவிக்குப் பழகிய ஏஏசி.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து ‘ஃபாஸ்ட் 1080பி30’ பிரிசெட்டை எடுங்கள். வீடியோ பக்கத்தில் என்கோடர் எச்.264, ஆர்எஃப் (தர எண், குறையக் குறையத் தரம் கூடும்) 20, வேகம் ‘ஸ்லோ’. பெயரில் 10-பிட் என்று இருக்கும் எச்.264-ஐத் தொடாதீர்கள், டிவி மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’டையும் குறியுங்கள். ஃபோன் ஒரே சீராக ஃபிரேம் எடுப்பதில்லை. அப்படியே விட்டால் சில பிளேயர்களில் போகப் போக மேளம் ஒரு பக்கம், அடிக்கும் கை ஒரு பக்கம் ஆகும்.

‘ஆவரேஜ் பிட்ரேட்’ (நொடிக்குச் சராசரியாக இத்தனை பிட் என்று கட்டிவைப்பது) வேண்டாம். முந்தைய ஃபிரேமிலிருந்து எது நகர்ந்தது என்று கணக்குப் பார்த்துத்தான் கோடெக் இடத்தை மிச்சப்படுத்துகிறது. காவடியில் மயிலிறகு ஆடுகிறது, பூ உதிர்கிறது, சாம்பிராணிப் புகை சுழல்கிறது. ஒன்றும் அடுத்த ஃபிரேமில் அப்படியே இருப்பதில்லை. பிட்ரேட்டைக் குறைவாகக் கட்டிப்போட்டால் புகை முழுக்கச் சதுரம் சதுரமாகத் தெரியும். ஆர்எஃப் முறையில் அந்த இடத்துக்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு இடம் பிடிக்கும்? 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) என்றால் மணிக்கு 3.6 ஜிபி. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றலாம்தான், ஆனால் பழைய டிவி அதைப் படிக்குமா என்பது சந்தேகம். 45 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். கூட்டம் நெரிசலாக உள்ள ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் மாற்றி டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

கே: ஏவி1 என்ற கோடெக்தான் எல்லாவற்றிலும் சிறியது என்கிறான் மகன். அதிலேயே மாற்றிவிடலாமா? – அதே வாசகி

ப: மகன் சொல்வது சரிதான், மாமியார் டிவிக்குத்தான் ஆகாது. 2018-இல் வந்த ஏவி1-க்கு உரிமத் தொகை கிடையாது. அதே தரத்துக்கு எச்.265-ஐவிடவும் இடம் குறையும். ஆனால் ஐஃபோனிலேயே 15 புரோவிலிருந்துதான் அதற்கான சிப் உண்டு. ரெயூனியனில் உள்ள உறவினருக்கு அனுப்ப எச்.265 போதும், ஆர்எஃப் 24 வையுங்கள். இந்த எண் கோடெக்குக்குக் கோடெக் மாறும்: எச்.264-இல் 20 என்று வைத்ததையே ஏவி1-இல் வைத்தால் ஃபைல் வீணாகப் பெருக்கும், அங்கே அளவுகோல் 63 வரை போகிறது. எதில் மாற்றினாலும் அந்த 30 ஜிபி மூலத்தை அழிக்காதீர்கள். மாற்றியதை மறுபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

கே: பழைய மினிடிவி (MiniDV) கேம்கோடர் கேசட்டிலிருந்து எடுத்த கல்யாண வீடியோவை மாற்றினேன். அட்சதை தூவும் கைகள் சீப்புப் பல்லாகத் தெரிகின்றன. – வாசகர், போர்ட் லூயிஸ்

ப: ஒரு ஃபிரேமுக்குள் 1/50 நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு பாதிப் படங்கள் கோடு விட்டுக் கோடு பின்னியிருக்கின்றன. கை அசையாதபோது தெரியாது, அசைந்தால் பல் முளைக்கும். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர் பக்கத்தில், இந்தப் பின்னலைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸ் ‘யாடிஃப்’, பிரிசெட் ‘பாப்’, ஃபிரேம்ரேட் 50. அளவு 720x576 இருக்கட்டும். 1080-க்கு இழுத்தால் ஃபைல்தான் பெருக்கும், தெளிவு கூடாது. மணிக்கு 13 ஜிபி பிடிக்கும் மினிடிவி மூல ஃபைலைத் தனி டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். சீப்புப் பல்லோடு மாற்றியதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு, மூலத்திலிருந்தே தொடங்குங்கள்.