பில்லியைச் சுற்றி இருந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ‘பில்லி தி கிட்’ என்ற அமெரிக்க ஆவணப்படத்தைப் பார்த்தேன். ஜெனிஃபர் வெண்டிட்டி எடுத்தது, 2007இல் வந்தது. மெய்ன் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் இருக்கும் பதினைந்து வயதுப் பையனைப் பற்றிய படம். பள்ளியில் அவனோடு யாரும் ஒட்டுவதில்லை. மனதில் பட்டதை அப்படியே சொல்கிறான். ஓர் உணவகத்தில் வேலை செய்யும் பெண்ணை விரும்புகிறான், அது நிலைக்கவில்லை. படம் முடிந்து இணையத்தில் தேடியபோதுதான் அவனுக்கு ஆஸ்பெர்கர் என்று தெரிந்தது. பழகுவதும் பேசுவதும் மற்றவர்களிடமிருந்து வேறாக இருக்கும் ஆட்டிசத்தில் ஒரு வகையாம். படத்தில் அதைச் சொல்லவே இல்லை. இது பார்ப்பவர்களை ஏமாற்றுவது இல்லையா? முன்பே தெரிந்திருந்தால் அவனை இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பேன். ஒரு சிறுவனின் காதல் தோல்வியைப் படமெடுத்து விழாக்களில் திரையிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. என் ஒன்பதாம் வகுப்பிலும் இப்படி ஒருவன் இருக்கிறான், நம்ம ஊர் பில்லி. அவன் பேசுவதை ஃபோனில் எடுத்து மற்ற ஆசிரியர்களுக்குக் காட்டினேன். எல்லாரும் அசந்துபோனார்கள். இதைக் குறும்படமாக்கலாமா என்று யோசிக்கிறேன். இதுபோல வேறு என்ன படங்கள் பார்க்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் டொனால்ட் ட்ரிப்லெட் என்ற அமெரிக்கரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாக மனம் அவரையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஃபோன்.

அழித்துவிடுங்கள். இன்றைக்கே. நீங்கள் காது கொடுத்துக் கேட்டதால்தான் அந்தப் பையன் உங்களிடம் பேசினான். நாள் முழுக்க யாரும் கேட்காத பேச்சு அது. அதை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் டீ நேரத்தில் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அசந்துபோனார்கள் என்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் மறுநாள் அவனருகில் போய் உட்கார்ந்தார்கள்? அவனிடம் கேட்டீர்களா, அவன் அம்மாவிடம் கேட்டீர்களா? கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ‘நம்ம ஊர் பில்லி’ என்று பட்டப்பெயர் வேறு. அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கும், அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் மனம் நல்ல மனம் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

இனி படம். ஏமாற்று என்ற வாதம் நிற்காது. வெண்டிட்டியின் தொழில் படங்களுக்கு நடிகர்களைத் தேர்வு செய்வது. ஒரு குறும்படத்துக்குப் பிள்ளைகளைத் தேடி மெய்னில் ஒரு பள்ளிக்குப் போன இடத்தில்தான் இந்தப் பையனைப் பார்த்தார். அவனுக்கு ஆஸ்பெர்கர் என்று சொல்லப்பட்டது படப்பிடிப்புக்குப் பிறகு. தெரியாத ஒன்றை எப்படி மறைக்க முடியும்? தெரிந்த பிறகு ஒரு வரி சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. அது சரி என்றே நினைக்கிறேன். முதல் நிமிடத்திலேயே அந்தப் பெயரைப் போட்டிருந்தால் நீங்கள் என்ன பார்த்திருப்பீர்கள்? அவன் சொல்வதையெல்லாம் நோய்க்குறி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு போயிருப்பீர்கள். அதைத்தான் புரிந்துகொள்வது என்கிறீர்கள். பெயர் தெரியாமல் பார்த்தபோது ஒரு பையனைப் பார்த்தீர்கள். எரிச்சல் வந்திருக்கும், பயம் வந்திருக்கும், சில இடங்களில் அவன்மேல் மரியாதையே வந்திருக்கும். அவன் ஊர்க்காரர்களுக்கு வந்ததும் அதுதான்.

காதல் தோல்வியைக் காட்டலாமா என்ற கேள்வியில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அந்த வயதில் யாருக்கும் நடப்பதுதான் அவனுக்கும் நடக்கிறது. அவனுக்கு மட்டும் அது நடக்கக்கூடாது, நடந்தாலும் யாரும் பார்க்கக்கூடாது என்று நினைப்பதில் ஒரு ஒதுக்கல் இருக்கிறது.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை பில்லியை விட்டுவிட்டுச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். அவன் அம்மாவைப் பாருங்கள். மகனிடம் பெரிய மனிதரிடம் பேசுவது போலப் பேசுகிறார். மழுப்புவதில்லை. அவன் தன் பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வரும்வரை பொறுக்கிறார். அந்தப் பெண்ணைப் பாருங்கள். அவளும் பள்ளி வயதுப் பெண்தான், அவளிடம் இவ்வளவு பெரிய அன்பை யாரும் இவ்வளவு வேகத்தில் கொண்டுவந்து நீட்டியிருக்க மாட்டார்கள். திகைக்கிறாள், கொஞ்ச தூரம் கூட வருகிறாள், பிறகு முடியாமல் விலகுகிறாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அப்புறம் பள்ளியைப் பாருங்கள். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் அவனுக்கு மட்டும் ஓர் இடம் அமையவில்லை. நான் நெடுநாளாகச் சொல்லிவருவது இதைத்தான். வித்தியாசமாக யோசிக்கும் பிள்ளையைத் தனியாளாக்குவது அவன் மூளை அல்ல, ஊர்தான் அதைச் செய்கிறது. செய்யாமலும் இருக்க முடியும்.

ட்ரிப்லெட்டிடம் வருகிறேன். 1943இல் பால்டிமோரில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் பதினோரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதை முதலில் விளக்கிய கட்டுரைகளில் அது ஒன்று. அதில் முதலாவதாக வரும் குழந்தை டொனால்ட். 1933இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். மூன்று வயதில் மருத்துவர்கள் பேச்சைக் கேட்டுப் பெற்றோர் அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து அவர்களே போய்க் கூட்டிவந்தார்கள். வழக்கறிஞரான அப்பா, மகனைப் பற்றிக் கானருக்கு எழுதி அனுப்பிய கடிதம் 33 பக்கம்.

அதாவது, ஆட்டிசம் என்ற பெயர் கிடைத்தவர்களில் முதல் ஆள் இவர். ஆனால் அந்தப் பெயரோடு சேர்ந்து மருந்து எதுவும் வரவில்லை. 1942இல் பெற்றோர் அவரை வீட்டிலிருந்து பத்து மைல் தொலைவில் குத்தகைக்கு நிலம் உழுத ஒரு தம்பதியிடம் விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துக் கானர் அங்கே போனார். பார்த்ததை 1971இல் ஓர் அறிக்கையில் எழுதியிருக்கிறார். பையனுக்கு எதையும் அளந்து பார்க்கும் பழக்கம். அவர்கள் அவனைக் கிணறு வெட்டவிட்டு ஆழம் எவ்வளவு என்று சொல்லச் சொன்னார்கள். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருந்தான். உழுதுகொண்டே எண்ணு என்று கலப்பையைக் கொடுத்தார்கள். கானர் பார்க்க ஆறு நீள வரிசை உழுதான், குதிரையை அழகாகத் திருப்பினான். செத்த பூச்சிகளையும் பிராணிகளையும் பொறுக்கி வரத் தொடங்கினான். அவர்கள் அவற்றைத் தூக்கி எறியவில்லை. ஒரு மூலையை இடுகாட்டுக்கு ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடையாளப் பலகை நடச் சொன்னார்கள். பலகையில் அவன் முதலில் ஒரு பெயர் எழுதுவான், அடுத்து அது என்ன பிராணி என்பது, கடைசியில் அந்தக் குடியானவரின் குடும்பப் பெயர். செத்த நத்தைக்கும் அந்தக் குடும்பப் பெயர்! தன்னை அந்த வீட்டில் ஒருவனாக அவன் எண்ணியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயரைக் கொடுத்திருப்பானா? கானர் அங்கே பார்த்து வியந்தது அந்தத் தம்பதியின் விவேகத்தை.

அதே அறிக்கையில் உங்களுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. அந்தக் காலத்தில் டொனால்ட் ஒரு கிராமப் பள்ளிக்குப் போனான், அவனுடைய விசித்திரங்களை அங்கே ஏற்றுக்கொண்டார்கள், படிப்பில் நன்றாக முன்னேறினான் என்கிறார் கானர். ஒரு சாதாரணக் கிராமப் பள்ளி, எஸ்.! சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அங்கே இருந்திருக்க வழியில்லை.

பிறகு அவர் கல்லூரி முடித்தார். உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார். கோல்ஃப் ஆடினார், கார் ஓட்டினார், தனியாகவே பல நாடுகளுக்குப் போய்வந்தார். 2023இல் 89 வயதில் இறந்தார். அவரைத் தேடி இரண்டு பத்திரிகையாளர்கள் ஃபாரஸ்டுக்குப் போனபோது, அவருக்கு ஏதாவது கெடுதல் செய்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்தார்கள். ஒருமுறை அல்ல, தனித்தனியாக மூன்று முறை. வங்கி அவருடைய அம்மா வழிக் குடும்பத்தினுடையது, வெள்ளைக்காரப் பணக்கார வீடு, அதனால்தான் இதெல்லாம் நடந்தது என்று சொல்லலாம். பெருமளவு உண்மை. அந்தக் காலத்து மிசிசிப்பியில் ஒரு கறுப்பினப் பையனுக்கு இதில் கால்வாசியும் கிடைத்திருக்காது. ஆனால் கலப்பையைக் கொடுத்த யோசனை குத்தகைக்காரர் வீட்டில் பிறந்தது. அதற்குப் பணம் வேண்டியிருக்கவில்லை.

இப்படி ஒரு யோசனையை நேரில் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். தென்காசிப் பக்கம் ஒரு சிறிய அச்சகத்தில் என் அப்பா கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளைக் கோர்ப்பவர். எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். கலைந்து கிடக்கும் எதையும் அவனால் தாங்க முடியாது. அடுத்தவன் பேனா, வாத்தியார் மேஜைச் சாக்பீஸ், எதுவானாலும் எழுந்துபோய் அளவு பார்த்து அடுக்கிவிட்டுத்தான் உட்காருவான். அதற்கு அவன் வாங்கிய அடி கொஞ்சமல்ல. ஒருநாள் என்னோடு அச்சகத்துக்கு வந்தான். அங்கே ஒரு நோட்டீஸ் அடித்து முடித்து, மண்ணெண்ணெயில் கழுவிய ஈய எழுத்துகள் தட்டில் குவிந்து கிடந்தன. அதைப் பிரித்து அறை அறையாகப் போடுவதுபோல் அலுப்பான வேலை அச்சகத்தில் வேறு கிடையாது. தமிழ் எழுத்துப் பெட்டியில் அறைகள் ஏராளம். எழுத்தோ கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும். னகரம் ஒன்று ணகர அறையில் விழுந்தால் அடுத்த கல்யாணப் பத்திரிகையில் மானம் போகும். அவன் நின்று பார்த்தான். ஒன்றை எடுத்தான், விரலால் தடவினான், சரியான அறையில் போட்டான். அப்புறம் அடுத்தது. முதலாளி அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, “ஏ, அவனை ஒண்ணும் சொல்லாதீங்கடே” என்றார். மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் அந்தத் தட்டு அவனுடையது. வாரக் கூலி உண்டு. பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் அவன் அலறுவான் என்று தெரிந்ததும், தொடக்கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டார். அவனைக் கேலி செய்த ஒரு வாடிக்கையாளரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு கடை பார்க்கச் சொன்னதை அப்பா வீட்டில் வந்து சொன்னார். அண்ணாச்சி ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்ல.

ஆஃப்செட் அச்சு வந்து ஈய எழுத்தெல்லாம் எடைக்குப் போன பிறகும் அவன் அங்கேதான் இருந்தான், மெய்ப்பு பார்த்துக்கொண்டு.

எங்கள் ஊரைப் பெரிதாகப் புகழ்வதாக எண்ண வேண்டாம். இதே போன்ற இயல்புடைய ஒரு பெண் எங்கள் தெருவிலேயே இருந்தாள். அவளை வாசல் தாண்ட விடவில்லை. பில்லி தெருத் தெருவாக நடக்கிறான், போய்ப் பேசுகிறான், மனம் நோகிறான். அவனுக்குக் கிடைத்தது பையனாக இருந்ததால் கிடைத்தது. உங்கள் வகுப்பில் சத்தமே போடாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களையும் கொஞ்சம் கவனியுங்கள். அசந்துபோக வைக்கும் பேச்சு அவர்களிடமிருந்து வராது, அதனால் யாரும் படம் எடுக்கவும் மாட்டார்கள்.

மருத்துவப் பெயரே வேண்டாம் என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திரைக்கு அது வேண்டாம் என்றேன். பிள்ளைக்கு வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆள் கேட்கலாம். உங்கள் மாணவனுக்கு அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. தேர்வு நெருங்கும்போது ஓடினால் காரியம் நடக்காது. அவனுக்கு இருப்பது இதுதானா என்று நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது, அது மருத்துவர் வேலை. அவன் அம்மாவைத் தனியாகப் பார்த்து, பதமாகப் பேசி, அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். முதல் தடவை அவர் கோபப்பட்டால் விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடியும் போங்கள்.

வேறு படங்கள் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அவன் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்று கடிதத்தில் எழுதவே இல்லையே! எண்ணுகிறானா, அடுக்குகிறானா, வரைகிறானா? அதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள். பள்ளியில் அதற்கு ஏற்ற வேலை ஏதாவது இருக்கும். நூலக அலமாரியோ, ஆய்வகச் சாமான்களோ, தோட்டமோ. கொடுக்கும் முன் அவனிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

அன்புடன்.